பயிர் ஏறாத நிலம்

“ஆள் பாக்க வர்ற அன்னிக்குக் காட்டை அம்மணமா விடாதடா…” என்று எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். அதற்கு மேல் இன்னொரு பாதி உண்டு. “கால் படி விதையாவது…” என்று தொடங்கும். கடன் வாங்கியாவது தூவணும் என்று முடியுமா, வேறு மாதிரி முடியுமா, சரியாக ஞாபகம் இல்லை. பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்கவும் ஆள் இல்லை.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன் சார். இதில் முன்னால் விவசாயம் நடந்ததா என்று கேட்டீர்கள். இடம் பார்க்க வருகிற கம்பெனிக்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், உங்கள் டிரைவரும் சாப்பிடப் போயிருக்கிறார். இப்படி ஷெட் நிழலுக்கு வாருங்கள். பார்த்து, அங்கே கம்பி கிடக்கிறது.

இது எங்கள் காடு. இந்தப் பக்கத்தில் புஞ்சையைக் காடு என்றுதான் சொல்வோம், மரம் தேடாதீர்கள். நீங்கள் நிற்கிற சிவப்பு மண் நான் கொண்டுவந்து கொட்டியது. அதற்குக் கீழே கரிசல். மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் வெடிக்கும். கட்டடம் நிற்காது. மேல் மண்ணை வழித்தெடுத்து, கிராவல் அடித்து, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, மறுபடி அடித்து, மறுபடி ஓட்டி. உங்கள் மிஷின் எவ்வளவு அதிர்ந்தாலும் தரை அசையாது. அதற்கு நான் பொறுப்பு. இருபது வருஷத்துக்கு மேல் மஸ்கட்டில் பார்த்த வேலை இதுதான். யாருடைய மண்ணையோ மட்டம் பண்ணிக் கொடுப்பது. மட்டம் பண்ணியதும் நாங்கள் கிளம்பிவிடுவோம். அங்கே என்ன கட்டினார்கள் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை.

ஊர் திரும்பியபோது மதுரையில் வீடு இருந்தது, செய்ய வேலை இல்லை. அப்போதுதான் இந்த மானியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். தொழிற்சாலை வருகிற மாதிரி மனையைத் தயார் பண்ணுகிறவர்களுக்குச் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுக்கும். மட்டம் பண்ண, வடிகால் போட, உள்ரோடு போட. நிபந்தனை ஒன்றே ஒன்று. தொடர்ந்து மூன்று வருஷம் பயிர் ஏறாத நிலமாக இருக்க வேண்டும். விளைகிற மண்ணைக் கெடுத்துவிடக் கூடாதே என்பதற்காக வைத்தது. நியாயமான நிபந்தனைதான், நான் குறை சொல்லமாட்டேன்.

எங்கள் காடு அப்போது விளைந்துகொண்டிருந்தது. என் அக்கா ஆவுடைத்தங்கத்தின் வீட்டுக்காரர், வெயிலுமுத்து அத்தான், அவர்தான் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். குத்தகை என்றெல்லாம் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டார். அப்பா இறந்ததிலிருந்து சும்மாதான் பார்த்துக்கொண்டார். நான் எட்டாவது வரை உள்ளூரில் தமிழில் படித்துவிட்டு, பாளையங்கோட்டைக்கு இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனபோது டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஹாஸ்டல் வாசல் வரை வந்தவர் அவர். மஸ்கட்டுக்குக்கூடக் கம்பு இடித்து மாவாக்கிக் கொடுத்தனுப்புவார். அங்கே யார் கம்பங்கூழ் காய்ச்சுவார்கள், பக்கத்து ரூம்காரனுக்குக் கொடுத்துவிடுவேன்.

ஊரில் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. இரண்டு பேருக்கு வரப்புத் தகராறு என்றால் அத்தானைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வந்து, நடந்து பார்த்து, இதுதான் எல்லை என்று காலை ஊன்றி நின்றால் அதோடு முடிந்தது. காரணம் ஒன்றுதான். அடுத்தவன் காட்டில் ஒரு சால்கூடத் தள்ளி உழாத ஆள் என்று பேர்.

அவரிடம் சொன்னேன். “அத்தான், இனிமே நம்ம காட்டுல எதுவும் வெதைக்க வேண்டாம். மூணு வருஷம் அப்படியே கெடக்கட்டும்.”

“எதுக்கு மாப்ள?”

“கம்பெனி வரப்போகுது. அதுக்கு அப்படித்தான் கெடக்கணும்.”

“கெடந்தா கம்பெனி வருமா? சும்மா கெடந்தா கருவேலந்தான் வரும்” என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் சொன்னபடி விட்டுவிட்டார். மூன்று வருஷமும் பக்கத்துக் காடுகளில் எல்லாம் பயிர் நிற்க, நடுவில் இது மட்டும் காய்ந்து கிடந்தது. அந்தப் பக்கத்துக் காடுகளையும், மானிய மனுவில் சேராவிட்டாலும் பின்னால் விரிவாக்க ஆகும் என்று, ஒவ்வொன்றாக நான் வாங்கிப் போட்டேன். மஸ்கட்டில் சேர்த்தது அத்தனையும் அதில் போய்விட்டது. மானியம் வந்தால்தான் மேற்கொண்டு மண் அடிக்க முடியும் என்ற நிலை. வராவிட்டால் எனக்கு மிச்சம் கருவேலங்காடுதான்.

மூன்று வருஷம் முடிந்ததும் மனுப் போட்டேன். புரட்டாசியில் தகவல் வந்தது, ஆபீஸிலிருந்து நேரில் வந்து நிலத்தைப் பார்ப்பார்கள் என்று. அத்தானுக்குப் போன் பண்ணினேன்.

“கார்த்திகையில காட்டைப் பாக்க வர்றாங்க அத்தான். பெரிய அதிகாரி.”

“யாரு, கவர்மெண்டா?”

“ஆமா.”

“நேர்ல வாராகளா?”

“நேர்லதான்.”

அப்புறம், “சரி, நான் பாத்துக்கிடுதேன். நீ கவலப்படாத” என்றார். பின்னாலிருந்து அக்கா போனைப் பிடுங்கி, “வாரவுக கறி திங்கிற ஆளா, சைவமான்னு கேட்டுச் சொல்லு” என்றாள்.

அவ்வளவுதான் பேசினோம். அதற்கப்புறம் மழை. கரிசலில் மழை பெய்தால் கார் இறங்காது, உள்ளே போனால் டயரில் அப்பிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். அதனால் நான் வரவில்லை. வந்து என்ன பார்க்கப்போகிறோம், வெறும் காடு.

அதிகாரி ஒரு அம்மா. ஜெசிந்தா என்று பேர். காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு அவரும் நானும் நடந்தோம். இதோ, இப்போது கேட் இருக்கிறதே, அங்கே வந்ததும் நின்றுவிட்டோம்.

கம்பு. இடுப்பு உயரத்துக்குக் கம்பு. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, ஒரு கருவேலங்குச்சி இல்லாமல். கதிர் வாங்கிப் பூ எடுத்திருந்தது. காற்று அடித்தால் மொத்தமாகச் சாய்ந்து மொத்தமாக நிமிரும். அந்த மாதிரி ஒரு வெள்ளாமையை நான் சின்ன வயதிலும் பார்த்ததில்லை. மூன்று வருஷம் ஆறப்போட்ட மண் இல்லையா.

வரப்பில் அத்தான் நின்றார். வெளுத்த வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. எங்களைப் பார்த்ததும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“வாங்கம்மா. பாத்து வாங்க, சகதி காயல.”

ஜெசிந்தா மேடம் என்னைப் பார்த்தார். நான் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது யார் விதைச்சதுங்க?” என்று கேட்டார்.

“நாந்தாம்மா” என்றார் அத்தான். “மழைக்கு முன்னாடியே புழுதியில வெதச்சுட்டேன். வெதை கொஞ்சம் பத்தல, குருவிகுளத்துல ஒரு ஆளுகிட்ட வாங்கிட்டு வந்தேன். இன்னும் நாள் இருக்கும்மா, தை பொறந்து வந்தீகன்னா கதிரு முழங்கை நீளம் நிக்கும்.” ஒரு கதிரை ஒடித்து அவர் கையில் கொடுத்தார். “மோந்து பாருங்க.”

அந்த அம்மா மோந்து பார்த்தார். அப்புறம் போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்தார். அத்தான் ஒவ்வொரு படத்துக்கும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றார்.

“இங்க வாங்க அத்தான்” என்று தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டேன். கோபப்படவில்லை. சும்மா கேட்டேன்.

“வெதைக்க வேண்டாம்னு சொன்னேனே அத்தான்.”

“சொன்ன. இல்லைங்கல. மூணு வருசமா போட்டனா? ஊர்ல ஒருத்தன் விடாமக் கேப்பான், காட்டுக்காரன் இருக்கானா செத்தானான்னு. கேட்டுக்கிட்டேன். ஆனா கவர்மெண்டு பாக்க வருதுங்கற. வெறுங்காடாக் கெடந்தா என்ன நெனைப்பாக? நாதியத்த காடு, சல்லிசாத் தள்ளிரலாம்னு நெனைப்பாக. பொண்ணு குடுக்க வாரவன்கூட மொதல்ல காட்டத்தான பாப்பான். ஒனக்கு ஒரு கௌரவம் வேண்டாமா மாப்ள?”

இதை எந்த ஊரில் போய்ச் சொல்வீர்கள்? மஸ்கட்டில் சொன்னால் சிரிப்பார்கள். இடம் பார்க்க வருகிறார்கள் என்று இடத்தில் விதைத்து வைக்கிற ஆளை வேறு எங்கே பார்க்க முடியும்?

திரும்பி ரோட்டுக்கு நடந்தோம். கார் கதவைத் திறந்துவிட்டுத்தான் ஜெசிந்தா மேடம் பேசினார்.

“உங்க சொந்தக்காரரே விதைச்சா அது விளைநிலம். என்னால எழுத முடியாது சார்.”

“அடுத்த வருஷம் மனுப் போட்டா?”

“மறுபடி மூணு வருஷம் எண்ணணும். அதுவரைக்கும் திட்டம் இருக்குமான்னு எனக்கே தெரியாது. இந்தத் தடவை டிசம்பர் கடைசியோட முடியுது.”

நான் கார் கதவைப் பிடித்தபடியே நின்றேன். அவருக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும்.

“ஒண்ணு இருக்கு. சம்பந்தமில்லாத ஆள் உங்க நிலத்துல புகுந்து விதைச்சிருந்தா, அதை உங்க பயிரா எடுத்துக்க மாட்டோம். ஆக்கிரமிப்பு. நீங்க ஸ்டேஷன்ல புகார் குடுத்து முத்திரை வாங்கணும், படிவம் இருக்கு. ஆனா குடும்பத்து ஆளா இருந்தா செல்லாது. குடும்பத்துல யார் விதைச்சாலும் நீங்க விதைச்ச மாதிரிதான்.”

“அவர் பேர் போடாம, யாரோன்னு…”

“நாந்தான்னு என்கிட்டயே சொல்லிட்டாரே. படத்துலயும் நிக்கிறார்.” காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியை இறக்கினார். “நீங்க அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டீங்கன்னு என் காதுல விழலை சார். கம்புதான் பார்த்தேன்.”

நல்ல அம்மா. இப்போதும் எங்காவது பார்த்தால் வணக்கம் சொல்வார்.

அக்கா வீட்டில் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அதிகாரி சாப்பிடாமலே போய்விட்டார் என்றதும் அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. “தண்ணியாவது குடிச்சாளா?” என்றாள். இல்லை என்றேன். இலையில் சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தேன். இதையெல்லாம் தமிழில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“டெக்னிக்கலா ஒரு விஷயம் அத்தான்” என்று ஆரம்பித்தேன்.

முழுவதும் கேட்டார். ஆக்கிரமிப்பு என்ற சொல் வந்தபோது மட்டும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

“ஸ்டேஷனுக்குக் கூப்புடுவாகளா?”

“ஒரு தடவை கூப்பிடுவாங்க. ஆமா வெதச்சேன், இனிமே போகமாட்டேன்னு சொன்னாப் போதும். வழக்கு எதுவும் இல்ல.”

“பேரு எழுதி ஒட்டுவாகளோ?”

“பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு நோட்டீஸ். சும்மா, முறைக்கு.”

அக்கா எழுந்து வந்தாள். “ஏன்டா, மூணு வருசம் வெதைக்காதன்ன, வெதைக்கல. அதுக்கு ஒரு பேரு இருக்கா அந்தப் பேப்பர்ல? இல்ல, வெதச்சதுக்கு மட்டுந்தான் பேரா?”

“நீ சும்மா இரு” என்றார் அத்தான்.

“சும்மாத்தான் இருந்தோம். இருபது வருசமா சும்மாதான பாத்தோம்.”

அவள் அப்படித்தான், முன்கோபி. அப்பா மாதிரி. எனக்கு அப்போது கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. கோழிக் குழம்பில் காரம் கொஞ்சம் கூடுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அத்தான் தரையைப் பார்த்தபடி கேட்டார். “தை வரைக்கும் பொறுக்க மாட்டாகளா? அறுத்துட்டம்னா காடு வெறுங்காடு. அப்புறம் ஒரு பொட்டு போடமாட்டேன்.”

“டிசம்பரோட முடிஞ்சிரும் அத்தான்.”

“அப்ப கம்பு?”

“மிஷின் ஏறும்.”

“மாட்டுக்காவது அறுத்துக்கிடவா?”

“முடிவாகுற வரைக்கும் அப்படியே நிக்கணும். படம் எடுத்துட்டுப் போயிருக்காங்க.”

“பூவெடுத்துருச்சு மாப்ள” என்றார். அதை ஒரு தகவல் மாதிரிதான் சொன்னார். நானும் தகவலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சரி. ஒனக்கு ஆகுமுன்னா எழுது. எல்லாத்தையும் கொண்டு அதுல போட்டுட்ட, இப்ப விட்டா ஒனக்கு என்ன இருக்கு. எழுது. ஆனா ஒண்ணு. அக்கா மாப்பிள்ளைன்னு சேத்து எழுதிரு. பாக்குறவன் குடும்பச் சண்டைன்னு நெனச்சுக்கிடுவான். எந்த வீட்டுல சண்டையில்ல? அது இல்லாம வெறும் பேரு மட்டும் இருந்தா, எவனோ அடுத்தவன் காட்டுல ஏறி வெதச்சான்னு ஆயிரும். நாளைக்கு ஒரு வரப்புல நான் கால ஊன்ற முடியாது. அத மட்டும் பாத்துக்கோ. ரோசிச்சுச் செய்யி.”

குடும்பத்து ஆள் என்றால் செல்லாது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லிப் புரிய வைக்கிற விஷயமா அது? அரசாங்க நடைமுறை எனக்கே பாதிதான் புரியும். “பாத்துக்கிறேன் அத்தான்” என்றேன். அக்கா வாசல் வரை வரவில்லை.

நீங்கள் சுற்றிப் பார்த்தீர்களே, வடிகால் எல்லாம் எவ்வளவு சுத்தமாக ஓடுகிறது. நடுவில் பள்ளமாக இருந்த இடம், அதில்தான் தண்ணீர் நிற்கும், அங்கேதான் கம்பு ரொம்ப உயரமாக நின்றது. இப்போது கோலிக்குண்டை வைத்தால்கூட உருளாது. உங்கள் ஆட்கள் மட்டக்கோல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊர் ஆட்கள் வேலைக்கு வருவார்களா என்று கேட்டீர்கள். வருவார்கள். முதலில் கொஞ்சம் தயங்கினார்கள், இப்போது வருகிறார்கள். அத்தான்தான் இந்தப் பக்கம் வருவதில்லை. முழங்கால் வலி என்று அக்கா யாரிடமோ சொன்னாளாம். போன வாரம் சந்தைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார், வேகமாகத்தான் நடந்தார். காரை நிறுத்தினேன், கவனிக்கவில்லை போலிருக்கிறது. பொங்கலுக்கு வேட்டி சேலை எடுத்துக் கூரியரில் அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. முகவரியில் ஏதோ தப்பு இருந்திருக்கும். மறுபடி அனுப்ப வேண்டும். கீழத் தெருவில் இரண்டு பேருக்கு வரப்புத் தகராறு என்று டவுனிலிருந்து சர்வேயரை வரவழைத்து அளந்தார்களாம். ஊரும் மாறிக்கொண்டுதான் வருகிறது. நல்லதுதான், எதுவும் கருவி வைத்து அளந்தால் சண்டை வராது.

ஆக, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில், இல்லை. இதில் விவசாயம் நடக்கவில்லை. அப்படித்தான் சான்றிதழ் இருக்கிறது, உங்கள் மேலிடத்துக்கு அதன் நகலைக் கொடுக்கிறேன். தைரியமாகக் காட்டலாம்.

உங்கள் டிரைவர் வந்துவிட்டார் போலிருக்கிறது. மிச்சத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அன்றைக்கு நான் மதுரைக்குப் போகவில்லை. சங்கரன்கோவிலில் ஒரு லாட்ஜில் தங்கினேன். நன்றாகத் தூங்கினேன். காலையில் ஆபீஸ் திறந்ததும் படிவத்தை வாங்கிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார், பேனாவும் கொடுத்தார். நிலத்தின் விவரம் எழுதினேன். பயிர் என்ற இடத்தில் கம்பு என்று எழுதினேன். அத்துமீறியவர் பெயர் என்ற இடத்தில் வெயிலுமுத்து என்று எழுதினேன். மனுதாரருக்கு இவர் என்ன உறவு என்ற இடத்தில், உறவு இல்லை என்று எழுதினேன்.